தலைப்புக் கொல்லை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஈப்போவை விட்டுப் புறப்பட்டதிலிருந்து என் கைக்கடிகாரத்தில் நான் கைவைக்கவே இல்லை. வீட்டில் கணவர் எப்போது சாப்பிடுவார், எப்போது மாத்திரை போடுவார் என்று தெரிந்துகொள்ள அதை மலேசிய நேரத்திலேயே ஓடவிட்டிருந்தேன். காஞ்சிபுரத்தில் மகன் வீட்டுக்கு வந்த மறுநாளுக்கு மறுநாள், "இனிமேலாவது எங்க ஊர் நேரத்துக்கு வாங்கம்மா" என்று அவன் கேலி செய்ததால், அந்தக் காலத்து வித்தியாசப்படி முள்ளை இரண்டு மணி பின்னுக்குத் தள்ளினேன். எட்டு நாற்பது, ஆறு நாற்பது ஆயிற்று. தலையை நிமிர்த்தினால் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் வாழையிலை மூடிய தட்டு.

நாற்பது வயதிருக்கும். வரப்பில் நடந்து வந்த சேறு காலில் காய்ந்திருந்தது. இலையை எடுத்தாள். ஆறு இட்லி. ஆறும் ரோஜாப்பூ நிறம்.

முந்தின நாள்தான் இந்த ஊர்க் கோயில் இட்லி சாப்பிட்டிருந்தேன். மூங்கில் குடலையில் முழ நீளத்துக்கு வேகவைத்து, வில்லையாக அறுத்து, மிளகும் சுக்கும் மணக்கத் தந்தார்கள். அதனால் இதுவும் இங்கே ஒரு வகைப் பலகாரம் என்று நினைத்து, இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டுவிட்டேன்.

"உம் புள்ளையக் கேளும்மா. அது காச்சின சாயந்தான்" என்றாள்.

அவள் பெயர் பச்சையம்மா. ஓரிக்கைப் பக்கம் பாலாற்றை ஒட்டிய சிற்றூரில் விவசாயக் குடும்பம். முந்தின நாள் பொழுது சாய்ந்து மாவு அரைத்தபோது சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். காலையில் இட்லிப் பானையைத் திறந்ததும்தான் தெரிந்ததாம். கிணற்றை எட்டிப் பார்த்தால், தண்ணீரே அந்த நிறம்.

என் மகன் குமரேசன் பல்லைத் துலக்கியபடி வெளியே வந்தான். தட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நெசவாளர் சங்கம் ஒன்றின் சாயச்சாலைக்கு அவன்தான் பொறுப்பு. அது கல்யாண மாதம். மூன்று வாரமாக அங்கே அரக்குச் சிவப்பைத் தவிர வேறு நிறம் காய்ச்சவில்லை. அந்த அரக்கில் ஒரு புடவை, அவன் தங்கையின் முகூர்த்தத்துக்காக நான் வாங்க வந்தது.

"தலைப்பே கெட்டுப்போச்சுப்பா" என்றாள் பச்சையம்மா.

"எந்தப் புடவைம்மா? எத்தன புடவை?" என்று கேட்டான் இவன்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஊருக்கே குடிதண்ணி போச்சுன்னு நான் சொல்லிக்கினு இருக்கறேன். நீ இன்னா புடவைய எண்ணிக்கினு இருக்கற?"

அவன் கேலி செய்யவில்லை. பட்டுக்காரர்கள் ஊரில் தலைப்பு என்றால் புடவையின் முந்தானைதான். வேறு தலைப்பு ஒன்று இருக்கும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

கிளம்பும்போது, முதலாளியை வரச்சொல் என்றாள். சங்கத்துக்கு முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது, நெய்கிறவர்கள் எல்லாரும் முதலாளிதான் என்று குமரேசன் விளக்கினான்.

"எல்லாரும் முதலாளின்னா, தப்பு நடந்தா யாரும் முதலாளி இல்ல. அதான? வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம். அப்புறம் மாட்டு வண்டிய எல்லாம் ஓட்டியாந்து உங்க கேட்டுல நிறுத்திடுவோம்." தட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனாள்.

என் மகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெற்றவள் சொல்வது என்று கழித்துக்கொண்டு படிக்கலாம். பதினேழு வயதில் மலேசியாவை விட்டு சென்னைக்குப் படிக்க வந்தான். சாய வேதியியல் படித்தான். காஞ்சிபுரத்தில் செம்பு அண்டாவில் விறகு மூட்டிக் கைப்பக்குவத்தில் காய்ச்சிவந்த சாயத்தை, நீராவிக் குழாய் ஓடும் எஃகுத் தொட்டிக்கும் வெப்பமானிக்கும் மாற்றியவன் அவன். முன்பு இறைத்ததில் பாதித் தண்ணீர் போதும் என்று காட்டினான். மற்ற சாயப்பட்டறைகள் கழிவைத் தெருச் சாக்கடையில் விட்டபோது, இவன் மட்டும் சாயச்சாலைக்குப் பின்னால் ஒரு கொல்லையில் குழி வெட்டி, செங்கல் அடுக்கி, கரியும் சுண்ணாம்பும் கொட்டி, அதில் வடியவிட்டான். மூன்று வருடமாக அவன் எழுதிய கடிதங்களில் பாதி அந்தக் குழியைப் பற்றித்தான். நான் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகளுக்கு அவற்றை வாசித்துக் காட்டுவேன்.

அந்தக் கொல்லைக்குப் பெயர் தலைப்புக் கொல்லை.

பத்து மணிக்குச் சாயச்சாலையில் சங்கத் தலைவர் சுப்பராயலு வந்து உட்கார்ந்தார். அறுபது வயது, நெற்றியில் ஒற்றைத் திருமண். கோபமாக இருந்தால் தெலுங்கிலும் யோசனையாக இருந்தால் தமிழிலும் பேசுவார் என்று குமரேசன் எழுதியிருந்தான். அன்று இரண்டும் கலந்து வந்தது. ஊரில் எத்தனையோ சாயப்பட்டறை இருக்க, கறை நம்முடையது என்று நாமே ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? சாக்கடையில் விட்டவனை விட்டுவிட்டு, நல்லது நினைத்துக் குழி வெட்டியவனைப் பிடிப்பார்களா? நாற்பது குடும்பம் இந்தத் தொட்டியை நம்பி இருக்கிறதே? அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. குமரேசன் இரண்டே விஷயம் கேட்டான். மூன்று நாள் சாயம் காய்ச்சக்கூடாது. சங்கத்து வண்டியில் பீப்பாய் வைத்து அந்த ஊருக்கு நல்ல தண்ணீர் போக வேண்டும். தலைவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் ஜட்காவில் அந்த ஊருக்குக் கிளம்பினோம். என்னை வரவேண்டாம் என்றான். கேட்கவில்லை. வண்டிக்காரர் சத்தார் பாய், வழியெல்லாம் குதிரையோடு உருதுவிலும் எங்களோடு தமிழிலும் பேசிக்கொண்டு வந்தார். இரண்டாவது தெருவிலேயே வண்டி நின்றுவிட்டது. தெருவின் நீளத்துக்குத் தறிக்கான பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, நான்கு பேர் இழை இழையாகச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். பாவு நீட்டியிருந்தால் யாரும் தாண்டக்கூடாதாம். ஈப்போவில் ரயில்வே கேட்டில்கூட ஹாரன் அடித்துத் தொலைப்பார்கள். இங்கே ஒரு பேருந்தே சத்தமில்லாமல் பின்னால் போய் வேறு தெருவில் திரும்பியது. சத்தார் பாய் இறங்கிக் குதிரைக்குப் புல் போட்டார்.

சும்மா நின்ற நேரத்தில் குமரேசன் காலையில் நடந்ததைச் சொன்னான். எந்தப் புடவை என்று அவன் கேட்டதைக் கேட்டதும் பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"புடவ இல்ல சார். ஊத்துக்காலுக்குத் தல இருக்குது பாருங்க, அதான் தலைப்பு. ஆத்து மணல்ல தோண்டி ஊத்து எடுத்து, கால்வா கட்டி ஊருக்கு இட்டாருவாங்க. அது ஆரம்பிக்கற எடம். எங்க பாவா, அதான் எங்கப்பா, அங்க மணல் வாரி வண்டி ஓட்டினவரு."

அந்தக் கால்வாய் இப்போது எங்கே என்று குமரேசன் கேட்டான்.

"கெணத்துக்கு மோட்டார் வந்தப்புறம் யாரு தூர் எடுக்கறது? மண்ணு மூடிப்போச்சு. மேலதான் சார் மூடிச்சு. கீழ ஓடிக்கினுதான் இருக்கும்."

தான் குழி வெட்டிய கொல்லை அந்தக் கால்வாயின் தலையாக இருக்குமோ என்று என் மகனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். சின்ன வயதில் பரீட்சைத் தாளைத் திருப்பி வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பான். ஊருக்குக் கால் மைல் முன்னால் வண்டியின் கடையாணி கழன்று விழ, சக்கரம் சாய்ந்தது. மீதி தூரம் நடந்தோம்.

கிணற்றடியில் முப்பது பேர் இருந்தார்கள். நல்ல கிணறு. படி இறங்கும் கல் கட்டு, அடியில் தண்ணீர். அழகான நிறம் என்றுதான் முதலில் பட்டது. அப்படிப் பட்டதற்கு உடனே வெட்கப்பட்டேன். வீட்டுப் பூசைக்கு வெள்ளை வேட்டி நனைத்த ஒருவர் அதை உயர்த்திப் பிடித்துக் காட்டினார். சிரிக்கக்கூடாத நேரத்தில் யாரோ சிரித்தார்கள்.

குமரேசன் அவர்களிடம் சொன்ன யோசனை இது. எங்கள் குழியில் உப்பு மூட்டைகளைக் கரைத்து, மோட்டாரைப் போட்டு நல்ல தண்ணீரை விடுவோம். அந்த உப்பு இந்தக் கிணற்றுக்கு வந்தால் தப்பு எங்களுடையது. வராவிட்டால் வேறு இடத்தில் தேடுவோம்.

பச்சையம்மா, சாயத்தோடு உப்பும் சேர்ந்தால் மோர் மட்டும்தான் பாக்கி என்றாள். பிறகு யோசித்து, தண்ணீர் உப்புக் கரிக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது என்று கேட்டாள்.

"நீங்கதான் சொல்லணும். உங்க நாக்குதான்" என்றான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் மட்டும்தான் எனக்கு இறங்கியது. ஈப்போவை நினைத்துக்கொண்டேன். என் கணவர் ஈயச் சுரங்கக் கம்பெனி ஒன்றில் கணக்கர். கம்பெனியின் அகழ்கப்பல் மண்ணைக் கழுவிவிடும் தண்ணீர், ஆற்றைப் பால் தேநீர் நிறத்துக்கு மாற்றியிருந்தது. ஆற்றோரக் காய்கறித் தோட்டக்காரர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். தோட்டம் மண்மூடியதும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பதினான்கு வருடத்தில் அந்தத் தோட்டங்களுக்குக் கம்பெனியிலிருந்து ஒருவர்கூட நேரில் வந்ததில்லை. கடிதங்கள் வந்தன. அவற்றைத் தட்டச்சு செய்தவர் என் கணவர். கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று அழகான ஆங்கிலத்தில் இருக்கும். அந்தச் சம்பளத்தில்தான் குமரேசன் படித்தான்.

புதன்கிழமை உப்பு கொட்டினார்கள். அங்கே நின்றால் நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தோ என்னவோ, புடவையைப் பார்த்துவரும்படி என்னை ஐயம்பேட்டைப் பக்கம் அனுப்பிவிட்டான். பேருந்து பாதி வழியில் புகை கக்கி நின்றது. ஓட்டுநர் மூடியைத் திறந்துவிட்டு, தண்ணீர் தேடி வாளியோடு வயலுக்குள் போனார். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பட்டு வியாபாரிகள் தெலுங்கில் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெலுங்கு வராது. பக்கத்தில் இருந்த பூக்காரப் பெண்ணுக்கு வரும். எனக்குப் பொழுது போகட்டும் என்று அவளாகவே மொழிபெயர்த்தாள்.

"சாயச்சாலையில மலேயாப் பையன் ஒருத்தன் இருக்கறானாம்மா. உப்ப வாங்கிக் கொட்டி அவனே அவனுக்குக் குழி தோண்டிக்கினான்றாங்க. குத்தம் சங்கத்துதுன்னு ஆனா, சனிக்கெழம தலைவரு அவன வேலைய விட்டு அனுப்பிடுவாராம். ஊராளுங்களும் அதோட அடங்கிடுவாங்களாம்."

உனக்கு அந்தப் பையனைத் தெரியுமா என்று என்னைக் கேட்டாள். தெரியும் என்றேன். நல்ல பையனா என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு முழம் கதம்பம் அறுத்து என் தலையில் வைத்துவிட்டாள். ஓட்டுநர் வாளியோடு திரும்பும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயம்பேட்டையில் நெய்தவர் தறியில் புடவையைக் காட்டினார். உடலும் அரக்கு, தலைப்பும் அரக்கு, நடுவில் ஜரிகை. என் மகன் காய்ச்சிய நிறம். மங்காத நிறம் என்று அவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்தக் கிணறுதான் நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் அவனோடு கிணற்றுக்குப் போனேன். அவன் பையில் கண்ணாடிக் குப்பிகளும், சொட்டுச் சொட்டாக விடும் மருந்து ஒன்றும் இருந்தன. வெள்ளி கலந்த மருந்தாம். கையில் பட்டால் கறுப்பாகிவிடும். அவன் விரல் நுனிகள் அப்படித்தான் இருந்தன. தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால் மருந்து பட்டதும் வெளுக்குமாம். எல்லாக் கிணற்றிலும் கொஞ்சம் உப்பு உண்டு என்பதால் செவ்வாய்க்கிழமையே ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தான். அதில் ஒரு சொட்டு விட்டான். லேசாக மங்கியது. அன்றைய தண்ணீரில் ஒரு சொட்டு விட்டான். அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்துவிட்டது.

பச்சையம்மா ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்தாள். இன்னொரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினாள். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

"கரிக்கல. சாய வாடதான் வருது. உப்பு இல்ல" என்றாள்.

அவள் அவ்வளவு சொன்னதே போதும். இன்றைக்கு இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று வண்டியேறிவிடலாம். வேலை மிஞ்சும். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே, சொல்லாதே என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேண்டிக்கொண்டேன்.

குமரேசன் இரண்டு குப்பிகளையும் அவள் கையில் கொடுத்தான். "உங்க நாக்குக்கு இன்னும் தெரியலம்மா. சாயங்காலம் தெரியும். உப்பு வந்துடுச்சு. எங்க குழிதான். மூணு வாரமா ஒரே அரக்கு, குழியில இருக்கற கரி தாங்கல."

கூட்டம் சத்தம் போடும் என்று பயந்தேன். குப்பிகளைப் பார்க்கக் கிட்ட நெருங்கினார்கள். பச்சையம்மா குப்பிகளை வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "உன்ன யாருப்பா இதச் சொல்லச் சொன்னது?" என்று கேட்டாள், கொஞ்சம் எரிச்சலாகவே. அவன் அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்லத் தொடங்கினான். குழியை மூட வேண்டும். சிமெண்டுத் தொட்டி கட்டி அதற்குள்ளேயே சாயத்தண்ணீரைத் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். சாயச்சாலை மோட்டாரை இங்கே கொண்டுவந்து கிணறு தெளியும்வரை இறைக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "நீ சொல்லிட்ட. செய்யறேன்னு சொல்ல வேண்டியவரு வரணும்."

அன்று மதியம் மகனுக்குத் தெரியாமல் நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவன் வேலையைக் காப்பாற்றக் கெஞ்சத்தான் போனேன். வழியில் வாக்கியங்களைக்கூடத் தயார் செய்துகொண்டேன். அவர் மனைவி பித்தளை டம்ளரில் காப்பி கொடுத்தார். ஈப்போ சீனர் கடைக் காப்பியைவிட இரண்டு மடங்கு கெட்டி. நான் டம்ளரைக் கீழே வைக்கும்வரை தலைவர் காத்திருந்தார். பிறகு ஒரு பழைய பத்திரத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

குழிக்காக இரண்டு இடம் பார்த்தார்களாம். இன்னொன்று இதைவிட மேடு. குமரேசன் அதைத்தான் கேட்டானாம். தலைப்புக் கொல்லை என்ற பெயரைக் கேட்டதும் இவருக்கு மனம் இதில் விழுந்துவிட்டது. பட்டுச் சங்கத்துக்குத் தலைப்பு என்றே ஒரு நிலம் அமைகிறதே, நல்ல சகுனம் என்று வாங்கிவிட்டாராம்.

"கண்ணாடி சரியில்ல. நீங்க டீச்சராமே. நாலு எல்லைய மட்டும் படிங்க" என்றார்.

படித்தேன். கிழக்கே வண்டிப்பாதை. தெற்கே ஒருவருடைய புஞ்சை. மேற்கே ஆற்றுப் புறம்போக்கு. வடக்கே, ஊற்றுக்கால். நான்கு எல்லையில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. வாங்கும்போது யாரும் அதுவரை படிக்கவில்லை. பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். அதற்குப் பிறகு கெஞ்ச வாய் வரவில்லை. எங்கள் ஊர் ஆற்றைப் பற்றியும், பதினான்கு வருடம் ஒருவரும் வராததைப் பற்றியும் ஏனோ சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் வாசல்வரை வந்தார்.  மகனுக்குக் கெடுதல் செய்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டேதான் வீடுவரை நடந்தேன். 

வெள்ளிக்கிழமை காலை நான்கு மாட்டு வண்டிகள் கிணற்றடியில் பூட்டித் தயாராக நின்றன. நேற்றுச் சாயங்காலமே தண்ணீர் கரித்துவிட்டதாம், பச்சையம்மா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பும், கடித்துக்கொள்ள வெங்காயமும் தந்தாள். பீப்பாய்த் தண்ணீரில் காய்ச்சியது, பயப்படாமல் குடி என்றாள். குடித்தேன். குமரேசன் கூட்டத்துக்கு நடுவே தனியாக நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவர் அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாகத் திட்டினார். அவன் குரலை உயர்த்தவில்லை. தப்பு எங்களுடையது என்று எத்தனை முறை சொன்னான் என்று எண்ணவில்லை.  ஒவ்வொரு முறையும் என் முதுகு நிமிர்ந்தது. இவன் என் பிள்ளை என்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நானாகவே சொன்னேன்.

வண்டிகளைக் கிளப்பு என்று யாரோ சொன்னார்கள். அப்போது வண்டிப்பாதையில் சத்தார் பாயின் ஜட்கா வந்தது. கடையாணிக்குப் பதிலாகக் கயிறு கட்டியிருந்தது. தலைவர் சுப்பராயலு இறங்கினார். கூட யாரும் இல்லை. கக்கத்தில் அந்தப் பத்திரம். யாரையும் பார்க்காமல் நேராகக் கிணற்றுப் படியில் இறங்கி, வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். மேலே வந்து, குமரேசனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

"முதலாளி யாருன்னு கேட்டீங்களாம். அந்தக் கொல்லைய வாங்கினது நான். இதுல இருக்கற கையெழுத்து என்னுது. பையன விடுங்க. கேக்கறத என்னக் கேளுங்க."

பச்சையம்மா கிணற்று மேடையில் கிடந்த வைக்கோலைக் கையால் தள்ளிவிட்டு, அவருக்கு இடம் காட்டினாள்.

"அப்ப குந்துங்க. கேக்கறதுக்கு நெறைய இருக்குது."